பச்சைப் புள்ளிக்குள் மறைந்திருக்கும் பால்

பாலுக்கு மாற்றாக விற்கப்படும் உணவுப்பொருள்கள் விலங்குகளிடமிருந்து எதையும் பெறாதவை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அப்பொருள்களின் உறையில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் உட்பொருள் பட்டியலைப் படிப்பவருக்கு வேறொரு செய்தி கிடைக்கிறது. ‘பால் சேராதது’ என்று முகப்பில் எழுதப்பட்ட கிரீமில் பாலின் முதன்மைப் புரதமே சேர்ந்திருக்கலாம். தாவரப் பானத்தில் கலக்கப்பட்ட வைட்டமின் செம்மறியாட்டின் கம்பளியிலிருந்து வந்ததாக இருக்கலாம். இளஞ்சிவப்பு நிறத்தைத் தரும் சாயம் ஒரு பூச்சியின் உடலை அரைத்து எடுத்ததாக இருக்கலாம். இவற்றில் சில சட்டத்துக்கு உட்பட்டே நிகழ்கின்றன என்பதும், உறையின் மேல் உள்ள பச்சைப் புள்ளி இவை அனைத்தையும் வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதும் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

திருவண்ணாமலை போன்ற ஊரில் இந்த அறிவுக்குத் தேவை அதிகம். மலையை வலம்வரும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் திரளும் பக்தர்களில் பலர் அன்று சைவ உணவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இரமணாசிரமத்தை நாடி வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினரில் பலர் பாலையும் தேனையும்கூட விலக்கும் நனிசைவ நெறியை, அதாவது ‘வீகன்’ என்று வழங்கப்படும் நெறியைப் பின்பற்றுகின்றனர். வேலூர் சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால் முதல் கிரிவலப் பாதை வரை விரிந்திருக்கும் கடைத்தெருக்களில் இவர்களுக்காகவே சோயாப்பாலும் பாதாம்பாலும் முட்டை சேராத கேக்கும் விற்கப்படுகின்றன. வாங்குபவர் கடைக்காரரை நம்புகிறார். கடைக்காரர் உறையை நம்புகிறார். உறையோ சட்டம் கேட்டதை மட்டும் சொல்கிறது.

பாலை விலக்குவோர் எல்லோரும் ஒரே காரணத்துக்காக விலக்குவதில்லை. பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க இயலாதவர்கள் வயிற்று உபாதைக்கு அஞ்சி விலக்குகின்றனர். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கோ அப்புரதத்தின் சிறு அளவுகூடத் தோல் தடிப்பிலிருந்து மூச்சுத்திணறல் வரை கொண்டுபோய்விடும். கொல்லாமையை வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள் கறவை மாடும் கன்றும் படும் துன்பத்தைக் கருதி விலக்குகின்றனர். காந்தியடிகள் 1912இல் தென்னாப்பிரிக்காவில் பால் அருந்துவதை நிறுத்தினார். இந்தியாவில் கடும் நோயுற்றபின் 1919இல் ஆட்டுப்பாலை மட்டும் ஏற்றார். அவருடைய முடிவுக்குப் பின்னால், பசுக்களிடம் கடைசிச் சொட்டுப் பாலையும் கறக்க அக்காலத்தில் கையாளப்பட்ட கொடிய முறைகளைப் பற்றிய செய்தியும் இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. போளூருக்கு அருகில் திருமலையில் பதினாறு மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் சிலை நிற்கும் இம்மாவட்டத்தில், ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில், தமிழ்ச் சமணர்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். சமண நெறி தேனை விலக்கப்பட்ட பொருளாகக் கருதுகிறது. இந்திய உணவுச் சட்டமோ தேனைச் சைவப் பொருளாக ஏற்கிறது. மரபு வகுத்த எல்லையும் சட்டம் வகுத்த எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாத இந்த இடைவெளியில்தான் மறைந்திருக்கும் உட்பொருள்களின் சிக்கல் தொடங்குகிறது.

பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

உறையிட்ட உணவின் மேல் அசைவக் குறியோ சைவக் குறியோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவத்தைக் குறிக்கிறது. பழுப்புச் சதுரத்துக்குள் முன்பு பழுப்பு வட்டமாக இருந்த அசைவக் குறி, நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் வடிவத்தைக் கண்டு தெளியும்படி, 2020ஆம் ஆண்டின் முகப்புச்சீட்டு விதிமுறைகளால் முக்கோணமாக மாற்றப்பட்டது. இந்த விதிமுறைகளை வகுத்தது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்.

அதே விதிமுறைகள் அசைவ உணவை வரையறுக்கும்போது, விலங்கு, பறவை, பூச்சி, நீர்வாழ் உயிர் ஆகியவற்றின் உடற்பகுதியையோ முட்டையையோ விலங்கிலிருந்து பெற்ற வேறெந்தப் பொருளையோ உட்பொருளாகக் கொண்ட உணவு அசைவம் என்று கூறிவிட்டு, பால், பால்பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. ஆகவே பாலும் தேனும் அரக்குப் பூச்சும் சேர்ந்த பண்டம் பச்சைப் புள்ளியைத் தாங்கி நிற்பது முழுக்கச் சட்டப்படியானது. பெரும்பான்மை இந்தியச் சைவர்கள் பாலை உண்பவர்கள் என்பதால் இவ்வரையறை அவர்களுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது; பாலை விலக்கியவர் அதே புள்ளியை நம்பினால் ஏமாறுவார்.

‘பால் சேராத’ கிரீமில் உள்ள பால் புரதம்

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன் என்னும் வகையைச் சேர்ந்தது. பால் திரியும்போது கட்டியாகத் திரள்வது இதுவே. இக்கட்டியைப் பிரித்தெடுத்துக் காரத்தில் கரைத்து உலர்த்தினால் சோடியம் கேசினேட் என்ற வெண்பொடி கிடைக்கிறது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைத்து வைக்கும் ஆற்றலும், அடித்துக் கலக்கும்போது காற்றுக் குமிழிகளை நிலைநிறுத்தும் ஆற்றலும் இதற்கு மிகுதியாக இருப்பதால், காப்பியில் கலக்கும் ‘நான்-டெய்ரி கிரீமர்’ பொடிகளிலும், கேக்கின் மேல் பூசும் ‘நான்-டெய்ரி விப்பிங் கிரீம்’ வகைகளிலும் இது பரவலாகச் சேர்க்கப்படுகிறது. அந்தக் கிரீம்களில் பால்கொழுப்பின் இடத்தைப் பனை விதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு எடுத்துக்கொண்டதால் ‘பால் சேராதது’ என்ற பெயர் வந்தது. பாலின் புரதம் பலவற்றில் அப்படியே நீடிக்கிறது.

இந்தப் பெயர் உண்டாக்கும் மயக்கத்தை அமெரிக்காவின் உணவு ஒழுங்குமுறை முன்னதாகவே உணர்ந்தது. அங்கே ‘நான்-டெய்ரி’ என்று பெயரிடப்பட்ட பொருளில் கேசினேட் இருக்குமானால், உட்பொருள் பட்டியலில் அதன் பெயரை அடுத்து அது பாலிலிருந்து பெறப்பட்டது என்ற விளக்கமும் இடம்பெற வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டின் பேக்கரிகளில் முட்டை சேராத கேக்கை, பாலை விலக்கியவரும் உண்ணலாம் என்று எண்ணி வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இது. மாவில் முட்டை இல்லை என்பது உண்மையாக இருந்தாலும், மேற்பூச்சில் பால் புரதம் இருக்கக்கூடும்; வெட்டி விற்கப்படும் கேக் துண்டுக்கு உறை இல்லாததால் அதை அறியும் வழி கிரீம் வந்த பெட்டியைக் காட்டும்படி கேட்பது ஒன்றே.

ஐஸ்கிரீம் கடைகளில் நிகழும் குழப்பமும் இவ்வகையைச் சேர்ந்தது. பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்யப்படும் பண்டத்தை ஐஸ்கிரீம் என்று விற்க இந்தியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அது ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்ற பெயரில் விற்கப்பட வேண்டும். 2017இல் அமுல் கூட்டுறவு அமைப்புக்கும் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் இடையே மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்த விளம்பர வழக்கு இந்த வேறுபாட்டைப் பொதுமக்களின் பார்வைக்குக் கொண்டுவந்தது. எனினும், தாவர எண்ணெய் சேர்ந்தது என்ற காரணத்தால் அதில் பால் இல்லை என்று முடிவு செய்வது தவறு. கொழுப்பு மாறினாலும் பால் திடப்பொருள்கள் அதில் பொதுவாக இடம்பெறுகின்றன.

‘அனலாக்’ என்ற வகையில் விற்கப்படும் பன்னீரும் சீஸும் இதைப் போன்றவை. பாலின் கூறுகளில் சிலவற்றையோ முழுவதையுமோ வேறு பொருளால் ஈடுசெய்து பால்பொருளைப் போலத் தோற்றமளிக்கச் செய்வது அனலாக் என்று விதிமுறைகள் விளக்குகின்றன. பால்பொடியும் பாமாயிலும் கலந்து செய்யப்படும் மலிவான பன்னீர் அத்தகையது. விலங்கு நலம் கருதுபவருக்கும் அது உதவாது. உண்மையான பன்னீரைத் தேடுபவருக்கும் அது உதவாது.

வைட்டமினும் வண்ணமும் வரும் வழி

பசும்பாலுக்கு இணையான சத்தைத் தருவதாகக் காட்டுவதற்காகத் தாவரப் பானங்களில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் சேர்க்கப்படுகின்றன. இவற்றுள் வைட்டமின் டி இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஈஸ்ட் போன்ற பூஞ்சைகளில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருளின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பெறப்படுவது டி2. செம்மறியாட்டின் கம்பளியைக் கழுவும்போது பிரியும் லானோலின் என்ற மயிர்க்கொழுப்பிலிருந்து கொலஸ்டிராலை எடுத்து, அதை வேதிமுறையில் மாற்றி, அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பெறப்படுவது வணிகத்தில் மிகுதியாகப் புழங்கும் டி3. பாறைகளில் படரும் லைக்கன் என்ற உயிரினத்திலிருந்தும் டி3 தயாரிக்கப்படுகிறது. ஆனால் உறையில் ‘வைட்டமின் டி3’ என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது ஆட்டிலிருந்து வந்ததா, லைக்கனிலிருந்து வந்ததா என்று படிப்பவரால் சொல்ல இயலாது.

இத்தகைய தெளிவைச் சட்டத்தால் கொண்டுவர முடியாது என்று கருத வேண்டியதில்லை. பாலையும் சமையல் எண்ணெயையும் செறிவூட்டுவதற்காக இந்திய ஆணையம் 2018இல் வெளியிட்ட விதிமுறைகள், அவற்றில் சேர்க்கப்படும் வைட்டமின் டி தாவர மூலத்திலிருந்து வர வேண்டும் என்று குறிப்பிடுகின்றன. ஒரு பொருளுக்கு மூலத்தைக் குறித்து விதி எழுத முடிந்த ஆணையத்தால் மற்றப் பொருள்களுக்கும் அவ்வாறே எழுத முடியும்.

வண்ணத்தின் வரலாறு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டைத் தருகிறது. தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் சப்பாத்திக்கள்ளியின் மேல் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி அரைத்து எடுக்கும் செந்நிறச் சாயம் கார்மைன் எனப்படுகிறது. பன்னாட்டு உணவுச் சேர்க்கை எண் வரிசையில் அதன் எண் 120. ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவைப்படும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கடைகளில், சோயாப்பாலில் கலந்து தரப்பட்ட ஸ்ட்ராபெரி பானத்துக்கு இச்சாயமே நிறம் கொடுத்தது என்ற செய்தி வெளிவந்தபோது, பாலையே விலக்கிவிட்டு அப்பானத்தைக் குடித்தவர்கள் கொதித்தெழுந்தனர். சில வாரங்களுக்குள் அந்நிறுவனம் கொச்சினீலைக் கைவிட்டு, தக்காளியில் உள்ள லைக்கோபீன் என்ற நிறமிக்கு மாறுவதாக அறிவித்தது. கேள்வி எழுப்பினால் மாற்றம் வரும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

இறுகவைக்கும் பொருள்களுள் ஜெலட்டின் முதன்மையானது. விலங்குகளின் எலும்பையும் தோலையும் பதப்படுத்திப் பெறப்படும் இப்புரதம் சில இனிப்புத் தயிர்களிலும் குளிரூட்டிய இனிப்புகளிலும், வைட்டமின் துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலும் இடம்பெறுகிறது. கேரளத்தின் காதிகுடத்தில் இயங்கும் ஆலை மாட்டெலும்பிலிருந்து ஜெலட்டினுக்கான மூலப்பொருளைத் தயாரிப்பது. அதன் கழிவுகள் சாலக்குடி ஆற்றை மாசுபடுத்துவதாக ஊர்மக்கள் நெடுங்காலம் போராடியதால் அவ்வூரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஜெலட்டினுக்கு மாற்றாகத் தமிழகக் கடற்கரையே ஒரு தாவரப்பொருளை வழங்குகிறது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் தயாரிக்கப்படுகிறது. வீடுகளில் இது கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் அழைக்கப்படுகிறது. உறையில் இதன் எண் 406. ஜெலட்டின் இல்லாமல் இறுகிய இனிப்பைச் செய்ய முடியாது என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்வதற்கு இடமில்லை.

எண்களுக்குப் பின்னால் இருப்பவை

உட்பொருள் பட்டியலில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் அச்சிடப்படும் சேர்க்கைகளில் சில, தாவரத்திலிருந்தும் விலங்கிலிருந்தும் ஒரேபோலப் பெறக்கூடியவை. எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் 471 என்ற பொருள் கொழுப்பிலிருந்து செய்யப்படுவது. அக்கொழுப்பு பாமாயிலாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். லெசித்தின் என்ற 322 பெரும்பாலும் சோயாவிலிருந்து வருகிறது. முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தும் அதை எடுக்கலாம். சுவையூட்டியான 631 மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ பெறப்படலாம். மரவள்ளி மாவு போன்றவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்தும் அதைத் தயாரிக்கலாம். சுவையூட்டிய நொறுக்குத் தீனிகளில் இந்தக் கடைசி எண் அடிக்கடி காணப்படுகிறது.

இந்த எண்ணை மையமாகக் கொண்ட வழக்கு ஒன்று நாட்டின் சட்டத்தையே தெளிவுபடுத்தியது. ‘ராம் கௌ ரக்ஷா தள்’ என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2021 டிசம்பர் 9 அன்று தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், விலங்கிலிருந்து பெற்ற உட்பொருள் எவ்வளவு சிறிய அளவில் சேர்ந்திருந்தாலும் அவ்வுணவு அசைவமே என்று கூறியது. உட்பொருள்களை எண்ணால் மட்டும் குறிப்பிடாமல், அவை தாவரத்திலிருந்து வந்தவையா, விலங்கிலிருந்து வந்தவையா, ஆய்வகத்தில் தயாரானவையா என்பதையும் முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்று அந்நீதிமன்றம் பணித்தது. தான் உண்பது இன்னது என்று அறிவதை உயிர்வாழும் உரிமையோடும் மனச்சான்றின் உரிமையோடும் இணைத்துப் பேசிய இத்தீர்ப்பு, நுகர்வோர் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டியது.

வனஸ்பதி கற்பித்த பாடம்

பால்பொருளுக்கு மாற்று என்ற பெயரில் விலங்குப்பொருள் நுழைவது புதிதாகத் தோன்றிய நிகழ்ச்சியும் அல்ல. வெண்ணெய்க்கு மாற்றாக 1869இல் பிரெஞ்சு வேதியியலாளர் இப்போலித் மேஜ்-மூரியே உருவாக்கிய மார்கரின், மாட்டுக்கொழுப்பை அடிப்படையாகக் கொண்டது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் வாயுவால் இறுகச் செய்யும் நுட்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பின்னரே தாவர மார்கரின் சந்தையை நிறைத்தது. இந்தியாவில் அதே நுட்பம், நெய்க்கு மாற்றாக வனஸ்பதியைக் கொண்டுவந்தது. 1937இல் அறிமுகமான டால்டா என்ற பெயரே அப்பொருளின் பெயராக வீடுகளில் நிலைத்தது.

வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்பதைக் கண்டுபிடிப்பதற்காக, ஒவ்வொரு வனஸ்பதியிலும் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் என்று அரசு விதித்தது. நல்லெண்ணெய் உள்ள கொழுப்பை உரிய வேதிப்பொருள்களோடு கலந்தால் சிவந்த நிறம் தோன்றும். ஆகவே நெய்யில் அந்நிறம் தோன்றினால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். நெய் வாங்குபவரைக் காக்க இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைச் செய்த ஆட்சிமுறை, வனஸ்பதி வாங்குபவரைக் காப்பதில் பின்தங்கியது. 1983இல், இறக்குமதியான மாட்டுக்கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு நாடெங்கும் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கி, நாடாளுமன்றத்திலும் எதிரொலித்தது. அதன் விளைவாக அக்கொழுப்பின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தாவரப்பொருள் என்று நம்பி வாங்கிய கோடிக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கை உடைந்தபின் வந்த தடை அது.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘மில்டோன்’ என்ற பானமும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியது. நிலக்கடலைப் புரதத்தை எருமைப்பாலோடு கலந்து, பால் பற்றாக்குறையை ஈடுசெய்ய அது தயாரிக்கப்பட்டது. அதன் கலவை மறைக்கப்படவில்லை. தாவரமும் பாலும் சேர்ந்தது என்று சொல்லியே அது வழங்கப்பட்டது. தாவரப் புரதத்தோடு பாலைக் கலப்பதில் குற்றமில்லை, கலந்ததைச் சொல்லாமல் விடுவதில்தான் குற்றம் இருக்கிறது என்ற வேறுபாட்டை அது விளக்குகிறது.

நனிசைவத்துக்கு வந்த தனிச்சட்டம்

பால் உண்ணும் சைவத்துக்கும் பாலை விலக்கும் நனிசைவத்துக்கும் ஒரே குறி போதாது என்பதை உணர்ந்த இந்திய ஆணையம், 2021இல் நனிசைவ உணவுக்கான தனிக்குறியை அறிமுகம் செய்து, 2022 ஜூன் மாதம் அதற்கான விதிமுறைகளை அரசிதழில் வெளியிட்டது. பச்சைச் சதுரத்துக்குள் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும் அதன்மேல் துளிர்விடும் செடியும் அமைந்த குறி அது. அந்த விதிமுறைகளின்படி, உணவில் இறுதியாக எஞ்சி நிற்கும் பொருள்கள் மட்டும் விலங்குத் தொடர்பற்றவையாக இருந்தால் போதாது. சேர்க்கைகள், சுவையூட்டிகள், நொதிகள், தயாரிப்பின் இடையில் பயன்பட்டு நீங்கிவிடும் துணைப்பொருள்கள் வரை எந்தக் கட்டத்திலும் விலங்குப்பொருள் பயன்பட்டிருக்கக் கூடாது. விலங்குகளின் மேல் சோதனை நடத்தப்பட்டிருக்கக் கூடாது என்பதும், ஒவ்வோர் உட்பொருளின் மூலத்தையும் பின்தொடர்ந்து காட்டத் தயாரிப்பாளரால் இயல வேண்டும் என்பதும் அவற்றின் நிபந்தனைகள்.

ஆகவே, பாலையும் தேனையும் முற்றிலும் விலக்குபவருக்கு உறுதி தருவது இந்தத் தனிக்குறிதான். முகப்பில் பெரிய எழுத்தில் காணப்படும் ‘தாவர அடிப்படையிலானது’, ‘லாக்டோஸ் இல்லாதது’, ‘நான்-டெய்ரி’ ஆகிய சொற்கள் இந்த உறுதியைத் தருவதில்லை. குறிப்பாக, லாக்டோஸ் நீக்கிய பால் என்பது சர்க்கரை மட்டும் சிதைக்கப்பட்ட பசும்பாலே என்பதால், பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுப்பது ஆபத்தானது.

உறையைப் படிக்கும் முறை

தனிக்குறி இல்லாத பொருளை வாங்க நேரும்போது, உட்பொருள் பட்டியலின் கீழே வரும் ஒவ்வாமை அறிவிப்பை முதலில் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, பால், முட்டை, மீன், சோயா, நிலக்கடலை முதலியவை உட்பொருளாக இருந்தால் அதைத் தனியே அறிவிப்பது கட்டாயம். ‘பால் உள்ளது’ என்ற அறிவிப்பு இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. ‘பால் இருக்கக்கூடும்’ என்ற அறிவிப்புக்குப் பொருள் வேறு. அதே ஆலையில் பால்பொருள்களும் கையாளப்படுவதால் தற்செயலாகத் துகள்கள் கலந்திருக்கலாம் என்பதை அது குறிக்கிறது. நெறிக்காகப் பாலை விலக்குபவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கடும் ஒவ்வாமை உள்ளவர் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு அடுத்ததாகப் பட்டியலில் கேசீன், கேசினேட், வே எனப்படும் மோர்ப்புரதம், லாக்டோஸ், பால் திடப்பொருள் ஆகிய சொற்களைத் தேட வேண்டும். கம்பளியிலிருந்து வந்த வைட்டமினும் பூச்சிச் சாயமும் ஒவ்வாமை அறிவிப்பில் கட்டாயமாக வருவதில்லை என்பதால், அவற்றைப் பற்றித் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

தேவையற்ற அச்சத்தையும் இங்கே விலக்க வேண்டும். லாக்டிக் அமிலம் என்ற 270, பெரும்பாலும் கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது. பாலோடு அதற்குத் தொடர்பில்லை. வணிகத்தில் கிடைக்கும் வைட்டமின் பி12 நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறப்படுகிறது. மேலை நாடுகளின் சில சர்க்கரை ஆலைகளில் வெண்மைக்காக எலும்புக்கரி பயன்படுத்தப்பட்டாலும், இந்திய ஆலைகள் பெரும்பாலும் கந்தக வாயுவால் சாற்றைத் தெளியவைக்கும் முறையைக் கையாள்கின்றன. இந்தியச் சட்டம் சீஸை வரையறுக்கும்போது, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைநொதிக்கு இடம் கொடுக்காமல், விலங்கு சாராத உறைநொதியையே குறிப்பிடுகிறது. எல்லாவற்றையும் ஐயுறுவதும் எதையும் ஆராயாமல் நம்புவதும் ஒரேபோலப் பயனற்றவை.

வீட்டில் கிடைக்கும் மாற்று

மூலத்தைப் பற்றிய கேள்வியே எழாத பால் மாற்றுகள் தமிழ் அடுக்களையில் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஆப்பத்துக்கு ஊற்றப்படும் தேங்காய்ப்பாலும், மதுரைத் தெருக்களில் விற்கப்படும் பருத்திப்பாலும் அவற்றுள் பெயர்பெற்றவை. வட ஆர்க்காட்டு வழக்கில் மல்லாட்டை என்று அழைக்கப்படும் நிலக்கடலை திருவண்ணாமலை மாவட்டத்தின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று. அதை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சினால் புரதம் நிறைந்த பால் கிடைக்கும். வெதுவெதுப்பான அப்பாலில் பச்சை மிளகாயின் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால், காம்பில் இயல்பாக உள்ள லாக்டிக் நுண்ணுயிர்கள் பெருகி அதைத் தயிராக உறையச் செய்கின்றன. உறைமோரைத் தேட வேண்டியதில்லை.

சத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இதோடு சேர வேண்டும். சோயாப்பாலின் புரத அளவு பசும்பாலை நெருங்குகிறது. கடைகளில் விற்கும் பாதாம்பாலில் புரதம் மிகக் குறைவு. தேங்காய்ப்பாலில் கொழுப்பே மிகுதி. வீட்டில் செய்யும் எந்தத் தாவரப்பாலிலும் வைட்டமின் பி12 இருப்பதில்லை, சுண்ணாம்புச் சத்தும் பசும்பாலின் அளவுக்கு இருப்பதில்லை. பாலை முழுவதும் விலக்குவோர் இவ்விரண்டையும் வேறு வழியில் பெற வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக எந்தத் தாவரப் பானத்தையும் கொடுக்கக் கூடாது.

பாலை உண்பதும் விலக்குவதும் அவரவர் உரிமை. இரமணாசிரமத்தில் 1948இல் மறைந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி எழுப்பிப் போற்றும் மரபும், பசுவுக்குத் துன்பம் தரக் கூடாது என்று பாலையே துறக்கும் நெறியும் ஒரே ஊரில் மதிப்போடு வாழ முடிகிறது. எந்த நெறியைத் தேர்ந்தவருக்கும் தட்டில் உள்ளது இன்னது என்று அறியும் உரிமை பொதுவானது. அதை மறைப்பவர் அவருடைய தேர்வையே பறிக்கிறார். ஆகவே, இருவகை மூலமுள்ள ஒவ்வொரு சேர்க்கைக்கும் பக்கத்தில் தாவரமா விலங்கா என்ற ஒரு சொல்லைத் தயாரிப்பாளர்கள் அச்சிட வேண்டும். ‘நான்-டெய்ரி’ என்ற பெயரில் பால் புரதம் விற்கப்படுவதை ஆணையம் நிறுத்த வேண்டும். உறையின்றி விற்கும் பேக்கரிகளும் உணவகங்களும் தாம் பயன்படுத்தும் கிரீமின் உட்பொருளைக் கேட்பவருக்குக் காட்ட வேண்டும். வாங்குவோரும் ஐயம் எழுந்தால் தயாரிப்பாளருக்கு எழுத வேண்டும். தவறான குறியைக் கண்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிட வேண்டும். சட்டம் அந்த உரிமையை ஏற்கெனவே வழங்கியிருக்கிறது. அதைப் பயன்படுத்துவது மக்களின் கையில் இருக்கிறது.